நான்கு துளைப் பொத்தான்

நாள்தோறும் காலைக் காபியைக் குடித்து முடித்ததும் பிறந்தநாள் வாழ்த்து எழுத உட்காருவது என் வழக்கம். ஐம்பது ஆண்டுகளில் இது தவறியது இரண்டே நாள்கள். ஒன்று என் திருமண நாள். மற்றொன்று என் கணவர் பால்மரை அடக்கம் செய்த நாள். அந்த இரண்டு நாள்களுக்கு உரிய அட்டைகளையும் மறுநாளே எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். எங்கள் கல்லூரிப் பெண்கள் சங்கக் கிளையில் இதுவரை சேர்ந்த சகோதரிகள் எழுநூற்றுச் சொச்சம் பேர். அவர்களில் ஒருத்தியின் பிறந்தநாளையும் நான் மறந்ததில்லை. மலிவான அட்டைகளை நான் வாங்குவதுமில்லை.

கேக் எடுத்துக்கொள்ளுங்கள். போன கோடையில் என் தோட்டத்தில் பறித்து உறையவைத்த புளிப்பு ருபார்ப் தண்டுதான் அதில் இருக்கிறது. மினசோட்டாவின் ஏப்ரல் மாதச் சேற்றில் நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கிறீர்கள். வெறும் வயிற்றோடு என் பேச்சைக் கேட்கவைத்தால் அது எனக்கு அழகல்ல.

சனிக்கிழமை வாக்குப் பெட்டியில் விழுந்த கறுப்புப் பொத்தான் யாருடையது என்று அறிந்துகொள்ளத் தலைமைச் சங்கம் உங்களை அனுப்பியிருக்கிறது. யாருடையது என்று எவரையும் கேட்கக் கூடாது என்பதும் அதே சங்கத்தின் விதி. அதனால்தான் நீங்கள் எதையும் கேட்காமல், கேக் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. நானாகச் சொன்னால் விதி மீறியதாகாது, நானாகவே சொல்கிறேன். ஆர்லிஸ் ப்ரெக்கேயின் பெயர் எங்கள் கிளையின் நிறுவனர் பட்டயத்தில் ஏறுமா, ஏறாதா என்பது இதைப் பொறுத்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சனிக்கிழமையில் தொடங்கினால் உங்களுக்கு விளங்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் தொடங்க வேண்டும்.

அப்போது நாங்கள் பன்னிரண்டு பேர். எங்களுக்கு இருந்தது ஒரு தையல் வட்டம் மட்டுமே. வியாழக்கிழமை மாலைகளில், நாங்கள் தங்கியிருந்த மிஸஸ் டாலஃப்சன் வீட்டு முன்னறையில் கூடுவோம். கொஞ்சம் தைப்போம், நிறையப் பேசுவோம். பெரிய கல்லூரிகளில் பெண்களுக்குச் சகோதரிச் சங்கங்கள் இருந்தன. அவற்றுக்கு மூன்று கிரேக்க எழுத்துகளில் பெயரும், சட்டையில் குத்திக்கொள்ளச் சின்னமும், பிறர் அறியாத சடங்கும் உண்டு. எங்கள் கல்லூரியில் ஒன்றும் இல்லை. நாமும் அப்படி ஒரு கிளை தொடங்கலாம் என்று முதலில் சொன்னவள் ஆர்லிஸ்.

ஆர்லிஸ் பன்றிப் பண்ணைக்காரரின் மகள். உயரமானவள், கைகள் பெரியவை, குரல் சிறியது. ஒரே குளிர்காலத்தில் தலைமைச் சங்கத்துக்கு நாற்பத்தொரு கடிதங்களைத் தன் கையாலேயே எழுதினாள். கிரேக்க எழுத்துகளைத் தேவாலயப் போதகரிடம் போய்க் கற்றுவந்து எங்களுக்கும் கற்பித்தாள். வேதாகமக் கிரேக்கத்தை அவர் படித்த முறை வேறு. சங்கங்களில் புழங்கும் உச்சரிப்பு வேறு. அதனால் மூன்று மாதம் நாங்கள் பன்னிரண்டு பேரும் எங்கள் சங்கத்தின் பெயரையே தப்பாகச் சொல்லிக்கொண்டு, அதைப் பாட்டாக வேறு பாடிக்கொண்டு திரிந்தோம். அவ்வளவு சந்தோஷமான மாதங்கள் பிறகு எனக்கு வாய்த்ததில்லை.

நான் ஆர்லிஸின் உயிர்த்தோழி. பல் மருத்துவரின் மகள்; நன்றாகச் சிரிப்பேன். எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும். வேலைகளை ஆர்லிஸ் பார்த்துக்கொண்டாள். எல்லாருக்கும் பிடித்தவளாக இருக்கும் வேலையை நான் பார்த்துக்கொண்டேன். அதுவும் எளிதான வேலையன்று.

ஐம்பத்தெட்டு பிப்ரவரியில், எங்களைப் பார்த்து முடிவு செய்யத் தலைமைச் சங்கத்திலிருந்து மிஸஸ் காலோவே வந்தார். தெற்கத்திக்காரர், நரித்தோல் போட்டுக்கொண்டும் நடுங்கினார். மூன்று நாள் தங்கி எங்கள் மதிப்பெண்களைப் பார்த்தார். நாங்கள் உட்காரும் விதத்தையும் பார்த்தார். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அதே முன்னறையில் வாக்கெடுப்பு. பன்னிரண்டு பேரில் ஒவ்வொருத்தியைப் பற்றியும் மற்றப் பதினொரு பேரும் தனித்தனியே வாக்களிக்க வேண்டும். வேண்டும் என்றால் வெள்ளைக் குண்டு, வேண்டாம் என்றால் கறுப்புக் குண்டு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் அவள் சங்கத்தில் சேர முடியாது. யார் போட்டது என்று கேட்கக் கூடாது. மறுபடி வாக்கெடுக்கவும் கூடாது. கறுப்பு என்பது கனமான விஷயம் என்பதால் ஒருத்திக்கு ஒரே கறுப்புக் குண்டுதான் தருவார்கள்.

பெட்டியும் குண்டுகளும் வரவேண்டிய ரயில் பனியில் எங்கோ நின்றுவிட்டது. மிஸஸ் காலோவே கையைப் பிசைந்தார். ஆர்லிஸ் மாடிக்குப் போய் ஒரு தொப்பிப் பெட்டியைக் கொண்டுவந்து, பூத்தையல் கத்தரியால் மூடியில் ஒரு வட்டம் வெட்டினாள். மிக அழகான வட்டம். வெள்ளைக் குண்டுக்குப் பதில் சட்டைப் பொத்தான்கள். ஜாடி நிறைய இருந்தன. கறுப்புக்கு, கடை அட்டையில் வரிசையாகக் கோத்த ஒரு டஜன் கோட்டுப் பொத்தான்கள். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு. இரண்டு துளை வைத்தவை. துளைகளின் எண்ணிக்கையை அப்போது நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

அன்று காலை மிஸஸ் காலோவேக்குத் தேநீர் ஊற்றியவள் நான். கோப்பையை வாங்கிக்கொண்டே அவர் என் காதோடு சொன்னார்:

"ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தாய் உண்டும்மா. உங்க கிளைக்கு அது யாருன்னு நான் வந்த அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டேன். அந்தப் பன்னிப் பண்ணைப் பொண்ணு. பட்டயத்துல முதல் வரி அவ பேருக்குத்தான். ஐம்பது வருஷம் கழிச்சும் அந்தப் பேரைத்தான் சொல்லுவாங்க, பாரு."

நான் ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினேன். ஆர்லிஸுக்காக மகிழ்ந்தேன். உண்மையாகவே மகிழ்ந்தேன் என்பதற்குச் சாட்சி உண்டு. வாக்கெடுப்பு தொடங்கியதும் எழுந்து நின்று, என் பங்குக் கறுப்புப் பொத்தானை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, "இது எனக்குத் தேவைப்படாது" என்று சொல்லி, சன்னலோரத்து ஜெரேனியம் தொட்டியில் எறிந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஆர்லிஸ்தான் அதிகம் தட்டினாள். எறிந்தபோது என் மனத்தில் கள்ளம் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

யாருடைய பெயர் வருகிறதோ அவள் சமையலறைக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். ஒவ்வொருத்தியாகப் போய், விரலில் ஒட்டிய சர்க்கரைப் பூச்சை நக்கிக்கொண்டே திரும்பி வந்தார்கள். அங்கே கொண்டாட்டத்துக்கான கேக் இருந்தது. அதையும் ஆர்லிஸ்தான் செய்திருந்தாள். பதினொரு பெயருக்கும் தலா பதினொரு வெள்ளை விழுந்தன. பட்டியலை எழுதியவள் ஆர்லிஸ் என்பதால் தன் பெயரைக் கடைசியில் போட்டிருந்தாள். அவள் எழுந்து போனாள். அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் அன்று மக்கர் செய்ததால் நாங்கள் எல்லாரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம். பெட்டி கை மாறி என்னிடம் வந்துகொண்டிருந்தது.

அப்போது எனக்கு ஒரு கதை தோன்றியது. ஒவ்வொரு நிறுவனர் நாளிலும் நான் சொல்லும் கதைதான், நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஓர் ஏரியில் பன்னிரண்டு காட்டு வாத்துகள் இருந்தன. தெற்கே பறக்கும்போதெல்லாம் பலசாலியான ஒரு வாத்தே முன்னால் பறக்கும். மற்றவை அதன் பின்னால் அரைத் தூக்கத்தில் போகும். வழியைப் பார்ப்பதே இல்லை. இதைக் கண்ட புத்திசாலி வாத்து ஒன்று, கூட்டத்தின் நன்மைக்காக, அந்த ஆண்டு பலசாலி வாத்தை நாணலிலேயே நிறுத்திவிட்டது. மற்றவை தட்டுத்தடுமாறித் தாமாகவே வழி கற்றன. அதன்பின் அந்தக் கூட்டத்தில் எல்லாரும் சமம்.

சகோதரிகள் என்றால் சமமானவர்கள். ஒருத்தி தாயாகிவிட்டால் மற்றவர்கள் சகோதரிகளாக எப்படி இருக்க முடியும்? இதை நிதானமாக யோசித்தேன். கோபமோ பொறாமையோ துளியும் இல்லை. என் இடக்கை கோட்டின் வலக்கை ஓரத்தைப் பிடித்திருந்தது. அங்கே மூன்று கறுப்புப் பொத்தான்கள், நூல் பழசு. டோரீன் என்ற பெண் இருமினாள். அந்த இருமலில் ஒரு பொத்தான் என் விரலோடு வந்துவிட்டது. பெட்டிக்குள் அது விழுந்தபோது வெள்ளைப் பொத்தான் விழும் சத்தத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

மிஸஸ் காலோவே ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். எட்டு வெள்ளை. ஒன்பதாவது கறுப்பு. கீரைத் தட்டில் கிடந்த வண்டை எடுப்பதுபோல அதை இரண்டு விரலால் எடுத்தார். பிறகு இரண்டு வெள்ளை. இன்னொரு முறை எண்ணச் சொல்லி ஒருத்தி அழுதாள். விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு அவரும் அழுதார். ஆர்லிஸிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். ஒருவரும் எழவில்லை. நான் எழுந்தேன். உயிர்த்தோழி வேறு என்ன செய்ய முடியும்?

அவள் கேக் மேல் சங்கப் பெயரின் மூன்றாவது எழுத்துக்கு ஊதா நிறச் சர்க்கரைப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு, "எத்தனை?" என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு."

"சரி. கேக் வீணாகக் கூடாது. பூச்சு இறுகறதுக்கு முன்னாடி வெட்டாதீங்க, கலையும்."

அந்தக் கேக் மிகவும் மென்மையாக வந்திருந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். பிறகு பட்டயத்தை விரித்தார்கள். முதல் வரி காலியாக இருந்தது. அதைத் தொடவே எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது. அழுதுகொண்டிருந்தவர்களை எல்லாம் தேற்றிக்கொண்டிருந்தவள் நான்தான் என்பதால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாராவது ஒருத்தி தொடங்க வேண்டும் அல்லவா? தொடங்கினேன். அன்று முதல் கிளையின் முதல் தலைவியும் நான்தான்.

மறுநாள் காலை ஆர்லிஸ் என் அறைக்கு வந்தாள். கையில் ஊசியும் கறுப்பு நூலும் ஒரு பொத்தானும் இருந்தன. தொப்பிப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து, பொத்தான்களைப் பொறுக்கி, பழையபடி அட்டையில் கோத்துவிட்டு வந்திருந்தாள்; எதையும் சிதறவிடும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஜெரேனியம் தொட்டி மண் அவள் நகக்கண்ணில் இருந்தது.

"கோட்டுக் கைய நீட்டு. பொத்தான் ஒண்ணு போயிருக்கு பாரு."

நீட்டினேன். கட்டில் ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தாள். நான்கு துளை, குறுக்காக இரண்டு தையல், அடியில் மூன்று சுற்று. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, "இனிமே விழாது" என்றாள். எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தரையில் எங்கோ விழுந்து கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. அவள் கைகள் சூடாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

இனி டோரீன் வோய்ச்சிக். எங்களில் அவள் ஒருத்திதான் போலந்துக்காரி, கத்தோலிக்கப் பெண். வாயும் கொஞ்சம் நீளம். சங்கத்து நாடாவுக்குச் சிவப்பு வேண்டும் என்று அவளும், ஊதா வேண்டும் என்று ஆர்லிஸும் ஒரு வியாழன் முழுக்கச் சண்டை போட்டிருந்தார்கள். யார் அந்தக் கறுப்பைப் போட்டது என்று பெண்கள் வெந்துகொண்டிருந்தபோது நான் அவள் பெயரைச் சொல்லவே இல்லை. அப்படிப்பட்டவள் அல்ல நான். "கேக்கக் கூடாதுங்கறது விதி, விட்டுடுங்க. நாடா விஷயத்துல மனசு நொந்தவங்களும் இருப்பாங்க, அவங்களையும் புரிஞ்சுக்கணும்" என்று மட்டும் சொன்னேன். இதில் ஒரு சொல்லாவது பொய்யா? நீங்களே பாருங்கள்.

மூன்று வாரத்தில் காலை உணவு மேசையில் டோரீனின் இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகிவிட்டது. நான்தான் சில நாள் எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன். மே மாதம் அவள் படிப்பை நிறுத்திவிட்டு ஊரைவிட்டே போனாள். வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு நான் ஒருத்திதான் போனேன். சிவப்புக் கம்பளியில் கையுறை பின்னிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வண்டி ஏறிவிட்டாள், அவசரத்தில் மறந்திருப்பாள். ஆர்லிஸும் அந்தக் கோடையோடு கல்லூரியை விட்டுவிட்டு வடக்கே டுலூத்துக்குப் போனாள்.

கிளை நன்றாக வளர்ந்தது. இன்று உங்கள் பெண்கள் இருக்கும் வெள்ளைத் தூண் வீட்டைக் கட்டவைத்ததும் நான்தான். அதன் கூடத்தில் என் படம் இருக்கிறது. 'அன்னை நடீன்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஆர்லிஸையும் டோரீனையும் நான் கைவிடவில்லை. டோரீனுக்கு நவம்பரில் ஓர் அட்டை, ஆர்லிஸுக்கு ஜனவரியில் ஓர் அட்டை, ஐம்பது ஆண்டும். டோரீன் ஒருமுறையும் பதில் போட்டதில்லை. ஆர்லிஸ் தவறாமல் போடுவாள். மழை, பனி, வேலை பார்க்கும் பள்ளி, வளர்க்கும் நாய் என்று எழுதிவிட்டுக் கடைசி வரியாக, 'கைப் பொத்தான் பலமாக இருக்கிறதா?' என்று முடிப்பாள். 'பலமாக இருக்கிறது' என்று நானும் பதில் எழுதுவேன். எங்கள் தையல் வட்டத்தை அவள் இவ்வளவு அன்போடு நினைவு வைத்திருப்பது எனக்கு எப்போதும் இதமாக இருக்கும்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். இப்போதைய தலைவி, இருபது வயதுப் பெண், பொன்விழாவுக்காகப் பழைய பெட்டிகளைக் கிளறியபோது ஆர்லிஸின் நாற்பத்தொரு கடிதங்களின் நகல்கள் அகப்பட்டுவிட்டன. இந்தப் பெண்ணின் பெயர் பட்டயத்தில் எப்படி இல்லாமல் போயிற்று என்று அவள் வியந்தாள். பட்டயத்தில் கையெழுத்திட்டு உயிரோடிருக்கும் அனைவரும் ஒருமனதாக வெள்ளை போட்டால் நிறுவனராகச் சேர்க்கலாம் என்று நீங்களும் விதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள். உயிரோடிருப்பவர்கள் ஐந்து பேர். டோரீனும் வந்திருந்தாள். அதே தொப்பிப் பெட்டி. அதே பழைய பொத்தான்கள். சின்னப் பெண்களுக்குப் பழமையில் அப்படி ஓர் ஆசை. ஆர்லிஸைச் சமையலறையில் காத்திருக்கச் சொன்னார்கள், போனாள். எழுபது வயதில், அதே மாதிரி போனாள்.

நான்கு வெள்ளை, ஒரு கறுப்பு.

மற்ற மூன்று கிழவிகளின் தலைகளும் ஒரே நேரத்தில் டோரீன் பக்கம் திரும்பின. அவள் காபிக் கோப்பையை எடுத்தாள்.

"அன்னைக்கும் வெள்ளை, இன்னைக்கும் வெள்ளை. நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க கேக்கைத் தின்னுங்க. எனக்குக் காபி ஆறுது."

அதற்குள் ஆர்லிஸ் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். மேசையைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"நடீன், கைப் பொத்தான் பலமா இருக்கா?"

"பலமா இருக்கு" என்றேன். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆம், அந்தக் கறுப்பும் நான்தான் போட்டேன். இம்முறை கோட்டு தேவைப்படவில்லை. ஏன் என்று கேட்டால், விஷயம் எளிது. ஐந்தும் வெள்ளையாக விழுந்திருந்தால், அன்று கறுப்பு போட்டவள் யார் என்ற பேச்சு மறுபடி கிளம்பும். டோரீன்தான் என்று ஐம்பது ஆண்டுகளாக நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் அவர்கள். எழுபது வயதுக்கு மேல் ஒருவரின் நம்பிக்கையை ஒரே பிற்பகலில் பிடுங்குவது உடம்புக்கு நல்லதன்று. டோரீனோ பழகிவிட்டவள். இன்னொரு முறை அவளைப் பார்த்தால் அவளுக்குப் புதிதாக என்ன நட்டம்? இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

ஆனால் நேற்று, திங்கட்கிழமை காலை, ஆர்லிஸ் இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். டோரீன் வெளியே காரில் இருந்தாள்; உள்ளே வர மறுத்துவிட்டாளாம். ஐம்பது ஆண்டாக முகவரி எழுதியும், அவர்கள் இருவரும் டுலூத்தில் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள் என்பது எனக்கு நேற்றுதான் உறைத்தது. ஊரைவிட்டுப் போன முதல் கோடையிலேயே ஆர்லிஸ் டோரீனைத் தேடிப் பிடித்து, 'நீ இல்லை என்று எனக்குத் தெரியும்' என்று சொல்லியிருக்கிறாள். சேர்ந்தே ஒரு மழலையர் பள்ளி நடத்தியிருக்கிறார்கள். என் அட்டைகள் வரும் நாள்களில் காபி போட்டுவைத்துக்கொண்டு, ஒருத்தி உரக்கப் படிக்க மற்றவள் கண்ணில் நீர் வரச் சிரிப்பாளாம். என் அட்டைகள் யாருக்காவது இவ்வளவு சந்தோஷம் தந்திருக்கின்றன என்று கேட்க எனக்கு நிறைவாக இருந்தது.

"பன்னெண்டு பொத்தானும் அட்டையில வந்து உக்காந்திருச்சு, தொட்டியில கிடந்ததையும் சேர்த்து. ஒண்ணு மிச்சம். அதுக்கு மட்டும் நாலு துளை" என்றாள் ஆர்லிஸ். "உன் கோட்டுக் கை ரெண்டுலயும் சேர்த்து அந்த மாதிரி அஞ்சுதான் பாக்கி இருந்துது."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"கேக்கக் கூடாதுன்னு விதி. அதுவுமில்லாம, அந்த முதல் வரி எனக்கு வேணுங்கறதைவிட உனக்கு ரொம்ப வேணும்னு தெரிஞ்சுது. போகட்டும்னு விட்டேன். நீயா சொல்லுவேன்னு நினைச்சுத்தான் வருஷா வருஷம் கேட்டேன்." கொஞ்ச நேரம் என் கேக்கைத் தின்றாள். "எனக்குச் செஞ்சதை நான் அன்னைக்கே தைச்சு முடிச்சாச்சு. டோரீனுக்குச் செஞ்சதை நான் தைக்க முடியாதுடி. அது உன் கையில இருக்கு. நாளைக்கு ஒரு பொண்ணு வருது இல்ல, அவகிட்டச் சொல்லு."

வாசல்வரை போனவள் திரும்பினாள். "உன் வாத்துக் கதையைச் சனிக்கிழமைதான் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. நாணல்ல நிறுத்தினாங்களே, அந்த வாத்து அப்புறம் என்ன ஆச்சு?"

ஐம்பது நிறுவனர் நாள்களில், எழுநூறு பெண்களில் ஒருத்தியும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவளே சொன்னாள்: "ஒண்ணும் ஆகலை. இன்னொரு வாத்தும் அங்க வந்துச்சு. ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது எப்படி வந்துச்சுன்னு கதை சொல்றவங்க சொல்லணும் இல்லையா?"

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பத்தெட்டு பிப்ரவரியில் ஆர்லிஸ் ப்ரெக்கேக்கு எதிராகக் கறுப்பு போட்டவள் நடீன் ஹோவ்லண்ட். சென்ற சனிக்கிழமை போட்டவளும் அவளே. டோரீன் வோய்ச்சிக் இரண்டு முறையும் வெள்ளைதான் போட்டாள். அவளைக் கல்லூரியைவிட்டு ஓட்டியது என் வாய். இதோ, இதையே நேற்று மாலை என் கையால் எழுதி ஐந்து பிரதி எடுத்துவைத்திருக்கிறேன். தலைமைச் சங்கத்துக்கு ஒன்று, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று. ஐந்தாவது டோரீனுக்கு; அதை நானே டுலூத்துக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கப்போகிறேன். சிவப்புக் கையுறையையும் எடுத்துவைத்திருக்கிறேன். பெஞ்சில் கிடந்ததை அன்றே எடுத்து வந்துவிட்டேன், பூச்சி அரிக்கவில்லை.

கறுப்பு போட்டவளே தவறென்று எழுதிக்கொடுத்தால் மறுபடி வாக்கெடுக்கலாம் என்று விதி இப்போது மாறியிருப்பதாக, முன்பு நீங்கள் அனுப்பிய கடிதத்தில் இருந்தது. வருகிற சனிக்கிழமை வைத்துக்கொள்வோம். இந்த உறையில் இருப்பது அந்த நான்கு துளைப் பொத்தான். காலையில்தான் பழைய கோட்டிலிருந்து எடுத்தேன். கத்தரி இல்லாமல் வரவில்லை, அவ்வளவு கெட்டியாகத் தைத்திருந்தாள். அதை ஆர்லிஸிடம் எல்லார் முன்னிலையிலும் திருப்பிக் கொடுப்பேன். பட்டயத்தின் முதல் வரியில் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதலாம். அடிப்பதை மட்டும் மெல்லிய கோடாக அடிக்கச் சொல்லுங்கள். பின்னால் வருகிறவர்கள் வரலாற்றைப் படிக்க வேண்டுமே.

விழா ஏற்பாடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊதா நாடாவோடு சிவப்பும் வைக்கலாம். வரவேற்புரை என்னுடையது. ஆர்லிஸுக்குக் கூட்டத்தில் பேசக் கூச்சம், குரலும் சிறியது. அவள் சார்பில் நன்றியுரையையும் நானே சொல்லிவிடுகிறேன். வாத்துக் கதைக்குப் புது முடிவும் யோசித்துவிட்டேன். நாணலில் நின்ற வாத்தை மன்னிப்புக் கேட்டு அழைத்துவருகிறார்கள். இனி அதுதான் முன்னால் பறக்க வேண்டும் என்று புத்திசாலி வாத்தே சொல்கிறது. ஐம்பது ஆண்டு பறக்காத வாத்து வழி தெரியாமல் தடுமாறக் கூடாதே என்று, புத்திசாலி வாத்து மட்டும் அதற்குச் சற்று முன்னால் பறக்கிறது.